ஒரே பெயரில் பல வேந்தர்

தமிழகத்தை ஆண்ட அரச குடிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர்க்குக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் ஏராளமாகக் கிடைத்தன. எனினும் அவற்றில் ஒரே பெயர் தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வருவதால், அப்பெயருக்கு உரியவர் ஒருவரா பலரா என்று துணிய முடியாத இடர் நெடுங்காலம் நீடித்தது. சோழரில் இராசராசன் என்ற பெயருடன் முடிசூடியோர் மூவர்; இராசேந்திரன், குலோத்துங்கன் என்னும் பெயர்களுக்கும் மும்மூவர் உளர். பாண்டியரிலோ சுந்தர பாண்டியன், வீர பாண்டியன், குலசேகர பாண்டியன் ஆகிய பெயர்கள் ஒவ்வொன்றையும் பலர் தாங்கியுள்ளனர். அவருள் சிலர் ஒரே காலத்தில் பாண்டி நாட்டின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து ஆண்டவர்கள். இன்றைய பாடநூல்கள் இவர்களை முதலாம், இரண்டாம், மூன்றாம் என எண்ணிட்டுக் காட்டுவதால், அவ்வெண்கள் அவ்வேந்தர் காலத்திலேயே வழங்கியவை என்ற எண்ணம் படிப்போர் மனத்தில் எளிதாகப் பதிந்துவிடுகிறது. கல்வெட்டுகளில் அத்தகைய எண்கள் காணப்படுவதில்லை. அவை கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் ஆய்வாளர் தம் வசதிக்காக இட்டவை. அவ்வேந்தர் காலத்தில் வாழ்ந்தோர் தம் அரசரை இனங்காண வேறு வழிகளைக் கைக்கொண்டனர். அவ்வழிகளை அறியாமல் எண்களை மட்டும் நம்புவோர், வரலாற்றின் ஒரு பெரும் பகுதியைக் காணத் தவறுகின்றனர்.

ஒரே பெயர் திரும்ப வருவதற்கு அடிப்படைக் காரணம், பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் ஆகும். அது குடிமக்கள் இல்லங்களில் இன்றும் நிலவுவது போலவே அரண்மனைகளிலும் நிலவியது. காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவரில் முதலாம் மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன். அவன் மகனுக்குப் பாட்டன் பெயராகிய மகேந்திரவர்மன் என்பதே இடப்பட்டது. அந்த மகேந்திரனின் மகன் பரமேசுவரவர்மன், அவன் மகன் இராசசிம்மன் என்று புகழ்பெற்ற இரண்டாம் நரசிம்மவர்மன், அவன் மகன் மீண்டும் ஒரு பரமேசுவரவர்மன். தஞ்சைச் சோழரிலும் இதுவே நிகழ்ந்தது. மதுரையை வென்ற பராந்தகனின் பேரனாகிய சுந்தர சோழனுக்குப் பராந்தகன் என்ற பெயரும் உண்டு. கண்டராதித்தனின் மகனாகிய உத்தம சோழனுக்கு மதுராந்தகன் என்பது இயற்பெயர். அந்த மதுராந்தகனின் மகன், பாட்டன் பெயரைத் தாங்கி மதுராந்தகன் கண்டராதித்தன் என்று முதலாம் இராசராசன் காலத்தில் கோயில் நிர்வாகங்களை ஆராயும் உயர் அலுவலராக விளங்கினான். தந்தை பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் வைத்து வழங்கிய இம்முறையே, பெயர் ஒன்றானவர்களை அக்காலத்தார் பிரித்தறிந்த முதல் வழியாகும்.

தாய்வழிப் பாட்டன் பெயரும் இவ்வாறே வந்தமை, சோழர் வரலாற்றின் போக்கையே மாற்றிய ஒரு செய்தியோடு இணைந்தது. இராசராசன் தன் மகள் குந்தவையை வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய மன்னன் விமலாதித்தனுக்கு மணம் செய்து கொடுத்தான். அவர்களுக்குப் பிறந்த மகனுக்குத் தாயின் தந்தை பெயரான இராசராசன் என்பதே இடப்பட்டது; நன்னயரைக் கொண்டு மகாபாரதத்தைத் தெலுங்கில் எழுதுவித்த இராசராச நரேந்திரன் அவனே. அவன் கங்கை கொண்ட சோழ அரசன் இராசேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்களுடைய மகனுக்கும் தாயின் தந்தை பெயரான இராசேந்திரன் என்பதே வாய்த்தது. கி.பி. 1070இல் சோழ அரியணை ஏறிய அந்த இளவரசனே பின்னர்க் குலோத்துங்கன் என்று பெயர் பூண்டான். அவனுடைய தொடக்க ஆண்டுக் கல்வெட்டுகள் இராசேந்திரன் என்ற பெயரிலேயே பொறிக்கப்பட்டிருப்பதால், கங்கை கொண்டவனையும் அவன் வழிவந்தோரையும் இவனோடு குழப்பாமல் பிரித்தெடுப்பதற்கு ஆய்வாளர் பெரிதும் உழைக்க வேண்டியிருந்தது. வேங்கியில் பிறந்த ஒருவன் சோழ அரியணைக்கு உரிமை கோர முடிந்தமைக்கு அவன் உடலில் ஓடிய குருதியோடு அவன் தாங்கிய பெயரும் துணை நின்றது என்று கருத இடம் உண்டு.

அரச மகளிர் பெயர்களும் இவ்வாறு மீண்டும் வருகின்றன. குந்தவை என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருபவர் இராசராசனின் தமக்கையார். ஆனால் வேங்கிக்கு மணமாகிச் சென்ற இராசராசனின் மகள் வேறொரு குந்தவை, தில்லைக் கல்வெட்டில் குறிக்கப்பெறும் குலோத்துங்கனின் தங்கை மற்றொரு குந்தவை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, தமக்கையாரைக் குறிக்கும்போது ஆழ்வார் பராந்தகன் குந்தவை என்று தந்தை பெயரையும், வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று கணவர் பெயரையும், இராசராசரின் திருத்தமக்கையார் என்று தம்பி பெயரையும் ஒருங்கே கூறுகிறது. இதனைப் பெருமைக்காக அடுக்கிய சொற்கள் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. கொடையளித்தவர் எந்தக் குந்தவை என்பதில் ஐயம் எழாதவாறு செய்த சட்டக் குறிப்பாகவும் அதனைக் கொள்ள வேண்டும். கண்டராதித்தனின் தேவியாராகிய செம்பியன் மாதேவியாரின் நிலையும் இதுவே. செம்பியன் என்பது சோழனையே குறிப்பதால் செம்பியன் மாதேவி என்னும் பெயர் எந்தச் சோழப் பேரரசிக்கும் பொருந்தக் கூடியதாயிற்று. ஆகவே கல்வெட்டுகள் அவரை உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த உடைய பிராட்டியார் என்று, அதாவது உத்தம சோழனைப் பெற்ற தாய் என்று, ஐயத்துக்கு இடமின்றிக் குறித்தன.

இயற்பெயர்கள் தந்த குழப்பத்தோடு, முடிசூடும்போது ஏற்ற பட்டப்பெயர்கள் தந்த குழப்பமும் சேர்ந்துகொண்டது. விசயாலயன் வழிவந்த சோழர் இராசகேசரி, பரகேசரி என்னும் இரண்டு பட்டங்களை மாறி மாறிச் சூடினர். தந்தை இராசகேசரியாயின் மகன் பரகேசரி, அவனுக்குப் பின் வருபவன் மீண்டும் இராசகேசரி என்பது முறை. பாண்டியர் மாறவர்மன், சடையவர்மன் என்னும் இரண்டையும் இவ்வாறே கொண்டனர். பட்டம் சூடிய இளவரசன் தந்தைக்கு முன்பே இறந்துவிட்டால், அடுத்து வருபவன் இறந்தவனின் பட்டத்தையே ஏற்றான். சுந்தர சோழனின் மகன் ஆதித்த கரிகாலன் பரகேசரியாக இருந்து மறைந்தமையால், பின்னர் ஆட்சிக்கு வந்த உத்தம சோழனும் பரகேசரியானான். இதன் விளைவாக, கோப்பரகேசரி வர்மற்கு யாண்டு இத்தனையாவது என்று மட்டும் தொடங்கி, அரசனின் இயற்பெயரைக் கூறாமல் விடும் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள், பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த நால்வருள் யாருக்கு உரியவை என்று எழுத்தமைதியையும் உள்ளே வரும் அலுவலர் பெயர்களையும் கொண்டே உய்த்துணர வேண்டியவையாயின. காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் உள்ள புகழ்பெற்ற கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற குற்றத்துக்கு ஆளானோரின் சொத்துகளைப் பற்றிப் பேசுவது; அது இராசகேசரி ஒருவனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அந்த இராசகேசரி இராசராசனே என்று துணிந்த பின்னரே, கொலைக்கும் தண்டனைக்கும் இடையே உத்தம சோழனின் ஆட்சி முழுவதும் கழிந்தது என்ற முடிவுக்கு வரலாற்றாசிரியர் வந்தனர். ஒரு பட்டப்பெயருக்கு உரியவர் யார் என்ற வினாவின் விடை, ஓர் அரசன் மீது பழி விழுவதா விலகுவதா என்பதையே முடிவு செய்யக்கூடும் என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

இக்குழப்பத்தினிடையே அக்காலத்தார் கைக்கொண்ட இரண்டாவது வழி, அரசன் செய்த அருஞ்செயலையோ அவன் உயிர்நீத்த இடத்தையோ அவன் பெயரோடு சேர்த்து வழங்குவதாகும். இதன் வேர் சங்க இலக்கியத்தில் உள்ளது. புறநானூற்றுப் பாடல்களின் கீழே, பாடியவர் இன்னார், பாடப்பட்டவர் இன்னார் என்று தொகுத்தோர் எழுதிவைத்த குறிப்புகள் உள்ளன. அவற்றில் நெடுஞ்செழியன் என்ற பெயருடையோர், ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்றும் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்றும் வேறுபடுத்தப் பெறுகின்றனர். பெருநற்கிள்ளி என்பாருள் ஒருவன் இராசசூயம் வேட்டவன், ஒருவன் முடித்தலைக்கோ, ஒருவன் போர்வைக்கோ. நன்மாறர் இருவருள் ஒருவன் இலவந்திகைப்பள்ளியில் துஞ்சியவன், மற்றவன் சித்திரமாடத்தில் துஞ்சியவன். பெருவழுதி என்ற பெயரினருள் ஒருவன் பல வேள்விச் சாலைகளை அமைத்த முதுகுடுமி, ஒருவன் வெள்ளியம்பலத்தில் துஞ்சியவன், ஒருவன் கடலில் மாய்ந்த இளையோன். இறப்பைத் துயில் என்று குறிக்கும் துஞ்சுதல் என்னும் மங்கல வழக்கும், அத்துயில் நிகழ்ந்த இடத்தை அரசனின் அடையாளமாகவே ஆக்கிவிடும் நினைவும் இக்குறிப்புகளில் ஒன்றி நிற்கின்றன. இவை பாடல்கள் தோன்றிய காலத்துக்குப் பின்னர் எழுதப்பட்டவையே எனினும், இவை இல்லாவிடின் புறநானூற்றில் வரும் மாறர்களையும் கிள்ளிகளையும் ஒருவரிலிருந்து ஒருவர் பிரிப்பது இயலாததாகியிருக்கும்.

பல நூற்றாண்டுகள் கழித்துச் சோழக் கல்வெட்டுகளில் இதே முறை மாறாமல் தொடர்வது வியப்புக்குரியது. அரிஞ்சயன் ஆற்றூர்த் துஞ்சின தேவர் ஆகிறான். அவன் நினைவாக இராசராசன் மேற்பாடியில் எடுத்த கோயிலின் கல்வெட்டு அவனை அப்பெயராலேயே சுட்டுகிறது. சுந்தர சோழன் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் எனப்படுகிறான். கண்டராதித்தனை மேற்கெழுந்தருளின தேவர் என்று குறிக்கும் கல்வெட்டுகள், அத்தொடர் அவன் மேற்றிசைப் பயணத்தைச் சொல்கிறதா மறைவைச் சொல்கிறதா என்ற வினாவை இன்றும் விட்டுவைத்துள்ளன. போர்ச்செயலால் பெற்ற அடைகளோ இவற்றினும் மிகுதி: பராந்தகன் மதுரை கொண்ட கோப்பரகேசரி, ஆதித்த கரிகாலன் பாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி, இராசேந்திரன் பூர்வதேசமும் கங்கையும் கடாரமும் கொண்டவன். நெடுங்காலம் கழித்து ஆண்ட மூன்றாம் குலோத்துங்கன் மதுரையும் ஈழமும் கருவூரும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளியவன். இவ்வடைகள் வரும் கல்வெட்டுகளில் அரசன் யார் என்பதில் ஐயமே எழுவதில்லை. இராசராசன் தன் எட்டாம் ஆட்சியாண்டையொட்டி, தன் வெற்றிகளைச் செய்யுள் நடையில் தொகுத்துக் கூறும் மெய்க்கீர்த்தியை ஒவ்வொரு கல்வெட்டின் தொடக்கத்திலும் நிலையாகப் பொறிக்கும் முறையை ஏற்படுத்தியபின், அதன் முதற் சொற்களே அரசனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாயின. கல்லின் மேற்பகுதி சிதைந்து பெயர் போய்விட்டாலும், மெய்க்கீர்த்தியின் இரண்டு சொற்கள் எஞ்சினால் போதும், எந்த இராசராசன், எந்த இராசேந்திரன் என்று கூறிவிடலாம்.

ஆயினும் இம்முறையும் ஒரோவழித் தளர்ந்தது. கி.பி. 949இல் தக்கோலப் போரில் யானை மேல் இருந்தவாறே வீழ்ந்த இராசாதித்தனை ஆனைமேல் துஞ்சினவர் என்று குறித்தனர். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர்க் கொப்பத்துப் போரில் அதே போல் யானை மேல் உயிர்நீத்த இராசாதிராசனுக்கும் அதே அடைமொழி வாய்த்தது. வேறுபடுத்துவதற்காகத் தோன்றிய பெயரே இருவர்க்குப் பொதுவாகிவிட்டது. பிறந்த குடியால் எள்ளுப்பேரன் முறையாகும் ஒருவன், மூதாதையைப் போலவே களத்தில் மடிந்து அவன் பெயரையும் பெற்ற இந்நிகழ்ச்சி, சோழர் வரலாற்றின் உருக்கமான பகுதிகளுள் ஒன்று.

அரசன் பெயர் அரண்மனைக்குள் அடங்கியிருக்கவில்லை என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். அலுவலர்களும் கலைஞர்களும் அரசனின் பெயரைத் தம் பெயரோடு பட்டமாகப் பெற்றனர். இராசராச மூவேந்தவேளான், இராசேந்திரசோழ மூவேந்தவேளான் என்ற பட்டங்கள் ஊர்தோறும் வருகின்றன, தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய தச்சனும் இராசராசப் பெருந்தச்சன் என்றே அழைக்கப்பெற்றான். பொதுமக்களிடையே ஒரே பெயர் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு அக்கோயிலில் பணிபுரிய அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் சான்றாகும். தளிச்சேரி என்பது கோயிற் பணிமகளிர் வாழ்ந்த தெரு. அவர்கள் பெயர்கள் நக்கன் என்னும் பொது முன்னொட்டுடன் தொடங்குகின்றன. பல பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே எழுதுவித்தோர் ஒவ்வொருவரும் எத்தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் இருப்பவர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்பதையும் சேர்த்துப் பொறித்தனர். ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்னும் பங்கு சரியான ஆளுக்குச் சேர வேண்டும் என்ற கவனமே அதற்குக் காரணம். அரசியர்க்குக் காட்டிய அதே கவனத்தைத் தெருவின் கடைசி வீட்டுப் பெண்ணுக்கும் காட்டிய இப்பதிவு, உலகின் எந்த அரசுப் பதிவேட்டோடும் ஒப்பிடத் தகுதி உடையது.

பெயர் ஒற்றுமையால் தமிழ் வரலாற்றுக்கு நேர்ந்த பெருந்தவறு சுந்தர பாண்டியன் என்ற பெயரைச் சுற்றியே நிகழ்ந்தது. திருஞானசம்பந்தரால் சமணத்திலிருந்து சைவத்துக்கு வந்த பாண்டியன் நெடுமாறன், கூன் நீங்கி நிமிர்ந்தமையால் சுந்தர பாண்டியன் ஆனான் என்று மதுரைப் புராண மரபு கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த வெனிசுப் பயணி மார்க்கோ போலோ, அங்கு ஆண்ட ஐந்து அரச உடன்பிறந்தாருள் சுந்தர பாண்டியத் தேவன் ஒருவன் என்று எழுதிவைத்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய கால்டுவெல் பேரறிஞர் இவ்விரு சுந்தர பாண்டியரையும் ஒருவராகக் கொண்டார். அதனால் சம்பந்தரின் காலமும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக்கு இறங்கியது. அக்காலக் கணிப்பை ஏற்றால் தேவாரமும், அதனை அடியொற்றிய சைவ இலக்கியம் முழுவதும், ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் பிற்பட்டவையாகிவிடும்.

மனோன்மணீயம் நாடகத்தின் ஆசிரியராகவும் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராகவும் விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை, 1890களில் சம்பந்தரின் காலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆராய்ச்சியில் இக்கணிப்பைத் தகர்த்தார். பெயர் ஒன்றாயிருப்பதால் ஆள் ஒருவராகிவிடார் என்பதையும், பாண்டியரில் சுந்தரன் என்ற பெயர் எத்தனையோ பேருக்கு உரியது என்பதையும் அவர் வலியுறுத்தி, சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர் என்ற முடிவுக்கு வழிவகுத்தார். அம்முடிவைக் கல்வெட்டுகள் உறுதி செய்தன. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர்களை இராசராசன் நியமித்துள்ளான். அவனுக்கு முன்னரே பாடப்பட்டு வழிபாட்டில் நிலைபெற்ற பதிகங்களை இயற்றியவர் அவனுக்கு இருநூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்தவராக இருக்க இயலாது. சம்பந்தர் பாடிய சிறுத்தொண்டர், வாதாபிப் போரில் படைநடத்தியவர் என்று பெரியபுராணம் கூறும் செய்தி, வாதாபியை வென்ற முதலாம் நரசிம்மவர்மனின் காலத்தோடு அவரை இணைத்தது. நாற்பத்திரண்டு வயதிலேயே மறைந்த சுந்தரம் பிள்ளைக்குத் தமிழர் செலுத்த வேண்டிய நன்றி, அவர் இயற்றிய தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடலோடு முடிந்துவிடுவதன்று. இலக்கிய வரலாற்றின் முதுகெலும்பை நேராக்கிய இப்பணிக்கும் அது உரியது.

பிற்காலப் பாண்டியரைப் பிரித்தறிவதற்குப் பெயரும் பட்டமும் அடைமொழியும் போதவில்லை. சோழ நாட்டை வென்று, பின்னர் அதனைச் சோழனுக்கே திருப்பி அளித்தமையால் சோணாடு வழங்கியருளியவன் என்று புகழ்பெற்ற சுந்தர பாண்டியன் மாறவர்மன், கி.பி. 1216இல் ஆட்சிக்கு வந்தவன். 1238ஐ ஒட்டி வந்த மற்றொரு சுந்தர பாண்டியனும் மாறவர்மனே. 1251இல் முடிசூடி, திருவரங்கத்தையும் தில்லையையும் பொன்வேய்ந்து, எல்லாந்தலையானான் என்று பெயர் கொண்ட பேரரசன் சடையவர்மன் சுந்தர பாண்டியன். அவனுக்குப் பின்னும் அதே பட்டத்தோடும் அதே பெயரோடும் வேறு சிலர் ஆண்டனர். இவர்களைப் பிரித்துக் காட்டிய கருவி வானநூல் ஆகும். பாண்டியக் கல்வெட்டுகள் பலவற்றில் ஆட்சியாண்டோடு, ஞாயிறு நின்ற மாதம், வளர்பிறை அல்லது தேய்பிறை, திதி, கிழமை, நாள்மீன் ஆகிய ஐந்தும் குறிக்கப்பட்டுள்ளன. இவ்வைந்தும் ஒரே நாளில் ஒத்து வருவது அரிது. ஓர் அரசனுடைய கல்வெட்டுகள் பலவற்றின் நாள்கள் ஒன்றோடொன்று முரணாமல் பொருந்தும் தொடக்க ஆண்டைக் கணக்கிட்டால், அவன் ஆட்சிக்கு வந்த ஆண்டு கிடைத்துவிடும். ஒரே பெயரில் உள்ள கல்வெட்டுகள் ஒரு தொடக்க ஆண்டுக்கு இணங்காமல் இரண்டுக்கு இணங்கினால், அரசர் இருவர் என்று கொள்ள வேண்டும்.

செருமனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் வடமொழிப் பேராசிரியராக இருந்த பிரான்சு கீல்கார்ன், தமிழகக் கல்வெட்டறிஞர் அனுப்பிய நாட்குறிப்புகளைக் கொண்டு இக்கணக்கைத் தொடங்கிவைத்தார். இராசராசன் 985ஆம் ஆண்டு சூன் இறுதிக்கும் சூலை இறுதிக்கும் இடையே ஆட்சிக்கு வந்தான் என்று வரையறுத்தவரும் அவரே. பின்னர் 1922இல் ஏழு தொகுதிகளாகப் பஞ்சாங்கக் கணக்குகளை வெளியிட்ட எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை, சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் தலைவராகவும் இருந்தவர், எந்தக் கல்வெட்டு நாளையும் எவரும் சரிபார்க்கும் வழியை எளிதாக்கினார். அவருக்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னர், கும்பகோணத்தைச் சேர்ந்த ந. சேதுராமன் கல்வெட்டுத் துறையின் அலுவலர் அல்லர் எனினும், கணிதப் புலமையால் பாண்டியர் காலவரிசையை மீண்டும் முழுமையாக ஆராய்ந்து, முன்னோர் ஒருவராகக் கருதிய பெயர்களில் பலர் மறைந்திருப்பதைக் காட்டினார். இவர்கள் வழியே பாண்டியர் எண்ணிக்கை பெருகியது. மார்க்கோ போலோ குறித்த சுந்தர பாண்டியன் யார் என்ற வினாவும், 1268 முதல் ஆண்ட மாறவர்மன் குலசேகரனின் காலத்துக்குள் வைத்து ஆராயத்தக்க நிலையை அடைந்தது.

சில வேளைகளில் ஒரே ஒரு கல்வெட்டே முடிச்சை அவிழ்த்துள்ளது. வரகுண பாண்டியர் இருவர் என்பது அறியப்பட்டாலும் அவர் காலங்கள் தெளிவாகாதிருந்தன. பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலைச் சமணக் குகையில், சக ஆண்டு 792 வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு என்று பொறித்திருந்தமையால், அவ்வரகுணன் கி.பி. 862இல் முடிசூடினான் என்பது உறுதியாயிற்று. பாண்டியர் வரலாற்றின் பிற காலக் கணக்குகளுக்கு அவ்வாண்டு நிலைத்த ஊன்றுகோலாக உள்ளது. திருக்கோவையாரில் மாணிக்கவாசகர் குறிக்கும் வரகுணன் இவனா இவனுடைய பாட்டனா என்ற வழக்கு மட்டும் முடிந்தபாடில்லை.

பட்டப்பெயர்களை மாறி மாறிச் சூடும் மரபு ஈழத்தில் மேலும் இறுகிய வடிவம் பெற்றது. நல்லூரைத் தலைநகராகக் கொண்டு யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள், செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் இரண்டு பட்டங்களை மாறி மாறிச் சூடினர். இயற்பெயர்கள் ஆவணங்களில் பெரும்பாலும் மறைந்துபோக, பட்டங்களே எஞ்சின. அவர்கள் அரவணைப்பில் தோன்றிய மருத்துவ நூல்களும் சோதிட நூலும் செகராசசேகரம், பரராசசேகரம், செகராசசேகரமாலை என்று புரவலர் பட்டத்தையே பெயராகக் கொண்டமையால், எந்தச் செகராசசேகரனின் காலத்தில் எந்நூல் இயற்றப்பட்டது என்பதை நூலின் பெயரைக் கொண்டு துணிய வழியில்லை. சங்கிலி என்ற பெயரில் இவ்விடர் உச்சத்தை எட்டியது. 1519 முதல் ஆண்டு, மன்னாரில் கிறித்தவராக மாறியோரைக் கொன்ற சங்கிலி ஒருவன். 1619இல் போர்த்துக்கேயரிடம் அரசை இழந்து கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் தூக்கிலிடப்பட்ட சங்கிலி குமாரன் மற்றொருவன். மயில்வாகனப் புலவர் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை இருவர் செயல்களையும் ஒரு சங்கிலி மீதே ஏற்றிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் ஆய்வாளர் போர்த்துக்கேய ஆவணங்களோடு ஒப்பிட்ட பின்னரே இருவரும் பிரிந்தனர். ஒரு நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்த இருவரை ஒருவராக்கி, வெற்றியாளனின் கொடுமையையும் தோற்றவனின் துயரத்தையும் ஒரே மனிதனுக்கு உரியவையாக்கியது, பெயரின் வலிமையன்றி வேறில்லை.

இவற்றை நோக்கும்போது, முதலாம், இரண்டாம் என்னும் எண்கள் மாணவர்க்கு உதவுவன என்பதை மறுக்க இயலாவிடினும், அவற்றைத் தனியே நிறுத்துவது குறையுடைய பழக்கம் என்றே கூற வேண்டும். புதிய கல்வெட்டு ஒன்று கிடைத்தால் எண்கள் மாறிவிடும். பாண்டியர் வரிசையில் அவை பலமுறை மாறியும் உள்ளன. பொன்மாளிகைத் துஞ்சின தேவர், சோணாடு வழங்கியருளிய சுந்தர பாண்டியர் என்னும் பெயர்கள் மாறமாட்டா; அவை அவ்வரசரை அறிந்தோர் இட்டவை. பாடநூல் எழுதுவோர் எண்ணோடு இப்பெயர்களையும் சேர்த்துக் கொடுத்தல் நலம்.

அதனினும் இன்றியமையாதது கல்வெட்டுகளைக் காப்பது. இரண்டு சுந்தர பாண்டியரைப் பிரித்துக் காட்டுவது, ஒரு சிற்றூர்க் கோயிலின் அடிமட்டத்தில் எழுதப்பட்ட கிழமையும் நாள்மீனுமாகவே பல வேளைகளில் அமைகிறது. திருப்பணியின்போது அதன்மேல் சுண்ணம் பூசினாலோ, மணலைப் பீச்சிக் கல்லைத் தேய்த்தாலோ, பழைய கற்களைப் பெயர்த்து வேறிடத்தில் அடுக்கினாலோ, அந்த ஒரு வரி என்றென்றைக்கும் இல்லாமற் போகும். குடமுழுக்குக்கு ஆயத்தமாகும் ஊரார், பணியைத் தொடங்குமுன் தம் கோயிற் சுவரில் உள்ள எழுத்துகள் படியெடுக்கப்பட்டுவிட்டனவா என்று தொல்லியல் துறையினரிடம் கேட்டறிந்து, எடுக்கப்படவில்லையெனில் எடுத்த பின்னரே கல்லில் கை வைக்க வேண்டும்.